ஆர்எக்ஸ் 580, ஜிடிஎக்ஸ் 1060: இரண்டையும் வாங்கி அளந்து பார்த்த மூன்று வாரம்

சித்தி மகன் அனிமேஷன் முதலாண்டு படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணா, ஏழாயிரத்துக்குள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு பார்த்துக் குடுங்கண்ணா. கேமும் ஓடணும், பிளெண்டரும் ஓடணும்." பிளெண்டர் என்பது முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள். அந்தக் காசுக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பது ஜிடி 710, ஜிடி 730 வகைதான். அவற்றில் திரையில் படம் வரும், விளையாட முடியாது. ஆகவே பழசுதான் வழி. பழசில் இந்த விலைக்கு எல்லோர் வாயிலும் வரும் பெயர்கள் இரண்டு: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 8ஜிபி. என் கணினிக்கும் ஒன்று தேவைப்பட்டது. என்னிடம் இருந்த 1050 டிஐ கார்டு மார்கழியிலேயே போய்விட்டது. சரி, இரண்டையும் வாங்குவோம், ஒரே கணினியில் மாற்றி மாற்றி மாட்டி அளப்போம், எது அவனுக்கு எது எனக்கு என்பதை அப்புறம் முடிவு செய்வோம் என்று இறங்கினேன். நேரம் கிடைத்தது பங்குனியில்தான்.

இரண்டும் ஒரே காலத்து ஆட்கள். 1060 வந்தது 2016 ஜூலையில், அமெரிக்க விலை 249 டாலர். 580 வந்தது 2017 ஏப்ரலில், 8ஜிபி மாடல் 229 டாலர். 1060 நடுத்தர விலையில் எல்லோர் வீட்டுக்கும் போன கார்டு. ஸ்டீம் என்ற கேம் கடை தன் பயனர்களிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்து, 2022 கடைசியில்தான் ஜிடிஎக்ஸ் 1650-க்கு இடம் விட்டது. இவற்றின் வயதைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த அளவுகோல் வேறு. 2019-இல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட்டம் கணினிக்கு வந்தபோது 'பரிந்துரைக்கப்படும் கார்டு' என்று போட்டிருந்தது 1060 6ஜிபியைத்தான். 2023-இல் சைபர்பங்க் 2077 தன் தேவைப் பட்டியலைத் திருத்தியபோது 1060 6ஜிபியும் 580 8ஜிபியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன, ஆனால் 'குறைந்தபட்சம்' என்ற தலைப்பின் கீழே. நான்கே ஆண்டு.

ஒரு சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் '580 8ஜிபி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு 5,200 ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று அவர்கள் மேசையிலேயே மாட்டச் சொல்லி, பென் டிரைவில் கொண்டுபோன ஜிபியு-இசட்டைத் திறந்தேன், கார்டின் விவரம் காட்டும் மென்பொருள் அது. ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னக் கோர்கள்) எண்ணிக்கை 2048 என்று காட்டியது. உண்மையான 580-இல் 2304 இருக்க வேண்டும். 2018-இல் சீனச் சந்தைக்காக '580 2048எஸ்பி' என்று ஒன்று வந்தது. பெயர்தான் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. கார்டு ஒன்றும் கெட்டதல்ல, அதன் விலைக்கு வாங்கினால் நல்ல கார்டுதான். ஆனால் 580 என்று நினைத்து வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் சொன்னேன், "நமக்கு வர்ற பெட்டில அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார். 1060-இலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. 3ஜிபி மாடலில் நினைவகம் மட்டும் பாதியாகவில்லை, கோர்களும் 1280-இலிருந்து 1152 ஆகக் குறைந்திருக்கும். பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு சின்ன மென்பொருளைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

சுற்றி அலைந்து, நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு கடையில் 2304 காட்டிய 580-ஐ 6,300-க்கு வாங்கினேன். 1060 இன்னொரு கடையில் 6,900. இரண்டுக்கும் ஏழு நாள் மாற்றித் தரும் வாக்குறுதி மட்டும்.

முதல் ராத்திரியே 580 படுத்தியது. கடையில் டிரைவர் போடாமல் படம் மட்டும்தான் பார்த்திருந்தேன், அது என் தப்பு. வீட்டில் டிரைவர் போட்டதும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், 'கோட் 43'. அரை மணி நேரம் டிரைவரை நீக்கி நீக்கிப் போட்டேன், மாறவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இது எதீரியம் என்ற மின்காசைக் கணக்குப் போட்டுத் 'தோண்டிய' கார்டு. 580 அந்த வேலைக்குப் பேர்போனது. தோண்டியவர்கள் நினைவக டைமிங்கை இறுக்கி பயாஸையே (கார்டின் அடிப்படை நிரலை) மாற்றி எழுதிவிடுவார்கள். மாற்றிய பயாஸின் கையொப்பம் பொருந்தாததால் ஏஎம்டி டிரைவர் அதை ஏற்காது. 2022 செப்டம்பரில் எதீரியம் தோண்டும் முறையையே விட்டது, கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. என்னுடையது அதில் ஒன்று.

நல்ல வேளை, இந்தக் கார்டின் மேல் விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. இரட்டை பயாஸ். கணினியை அணைத்து, சுவிட்சைத் தள்ளி, மறுபடி ஆன் செய்தேன். தோண்டியவர் இரண்டாவது பயாஸைத் தொடவில்லை. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது, நினைவக வேகம் அசல் 2000 மெகாஹெர்ட்ஸ் என்று வந்தது. அந்த நிம்மதியில் மணி ஒன்று என்பதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் சூட்டைப் பார்த்தேன். அறை 33 டிகிரி. ரெட் டெட் ஓடிய பத்தாவது நிமிடம் 580 கார்டு 86 டிகிரியில் நின்றது, விசிறி கத்தியது. 1060 கார்டு 73-இல் அமைதியாக இருந்தது. இந்த நிலையில் ஒப்பிட்டால் 580-க்கு அநியாயம். கழற்றினேன்.

பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகு, பக்கங்களில் இன்னும் சில. குளிர்ப்பானை இழுக்காமல் இடம் வலமாக மெதுவாகத் திருகிக் கொடுத்தால்தான் பிடி விடும். இழுத்தால் சிப் போய்விடலாம். பிரிந்ததும் பார்த்தேன். சிப்பின் சூட்டைக் குளிர்ப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்து கிடக்கும் சுண்ணாம்பு மாதிரி வெடித்து, சிப்பின் நடுவில் சுத்தமாக இல்லவே இல்லை. ஓரங்களுக்கு ஒதுங்கி இறுகிப் போயிருந்தது. நினைவகச் சில்லுகளின் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருந்த மெத்தை மாதிரிப் பேடுகளிலிருந்து எண்ணெய் கசிந்து பலகை பளபளத்தது. எட்டுச் சில்லு, ஒவ்வொன்றும் ஒரு ஜிபி, ஒவ்வொன்றுக்கும் 32 பிட் வழி: 580-இன் 256 பிட் பாதை என்பது கண்ணுக்கு முன்னால் இப்படித்தான் இருக்கிறது. 1060-ஐத் திறந்தால் இதே சில்லு ஆறு, 192 பிட். தகவல் தாளில் ஆயிரம் முறை படித்த எண்ணை விரலால் எண்ணிப் பார்த்தபோது தனி சந்தோஷம்.

மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோபில் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். குளிர்ப்பானின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி எடுத்தேன். ஒரு பேடு கிழிந்துவிட்டது. இப்போதைக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும். புதுப் பேஸ்ட் வைத்து மூடியதும் அதே ஆட்டத்தில் 74 டிகிரி. இருநூறு ரூபாய் பேஸ்ட், ஒரு மணி நேர வேலை, பன்னிரண்டு டிகிரி.

இனி அளவு. என் கணினி ரைசன் 5 2600, 16ஜிபி ராம், 1080பி திரை. ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, நடுத்தர அமைப்பு, உள்ளேயே இருக்கும் சோதனை: 1060-இல் நொடிக்கு 45 ஃபிரேம், 580-இல் 53. சைபர்பங்க், எஃப்எஸ்ஆர் (சிறிதாக வரைந்து திரைக்குப் பெரிதாக்கும் நுட்பம்) குவாலிட்டியில்: 47, 54. விட்சர் 3-இன் பழைய பதிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அறுபதை ஒட்டியே நின்றன. ஜிடிஏ 5-இல் மட்டும் 1060 முன்னால்: 87, 79. என்விடியாவின் இதே மாதிரி நுட்பமான டிஎல்எஸ்எஸ் அதன் புதிய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டுமே என்பதால் 1060-க்கு அது கிடையாது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர்தான் என்விடியா கார்டுக்கும் கை கொடுக்கிறது.

சராசரி எண்ணில் தெரியாத ஒன்று ரெசிடென்ட் ஈவில் 4-இல் தெரிந்தது. அதன் செயின்சா டெமோ இலவசம், சோதனைக்கு நல்லது. அதில் டெக்ஸ்சருக்கு (பொருட்களின் மேற்பரப்புப் படங்களுக்கு) எத்தனை ஜிபி என்று நாமே தேர்வு செய்யலாம். 580-இல் தாராளமாக வைத்தேன், கிராமத்துக்குள் ஓடினாலும் தடங்கல் இல்லை. அதே அமைப்பை 1060-இல் வைத்தால் நினைவக அளவு காட்டும் கோடு எல்லை தாண்டிச் சிவக்கிறது, திரும்பும்போதெல்லாம் ஒரு குலுக்கல். ஒரு படி குறைத்தால் சரியாகிவிடுகிறது. ஆனாலும் 580-இன் அந்தக் கூடுதல் இரண்டு ஜிபி பெயருக்கு இருப்பதல்ல என்று கண்ணால் பார்த்தேன்.

இதுவரை படித்தால் 580தான் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தம்பியின் கணினியை வரவழைக்கும் வரை.

அவனுடையது ஐ5 4590, நான்கு கோர், வயதான பெட்டி. அதில் ஜிடிஏ 5 ஓட்டியபோது இரண்டு கார்டுக்கும் இடையிலான தூரம் இன்னும் கூடியது. 1060 எழுபதுக்குக் கீழே அதிகம் போகவில்லை. 580 ஊருக்குள் கார் ஓட்டும்போது ஐம்பதுக்கு இறங்கி இறங்கி ஏறியது. காரணம் கார்டு இல்லை, டிரைவர். ஆட்டம் கார்டோடு பேசும் முறைகளில் ஒன்று டைரக்ட்எக்ஸ் 11, ஜிடிஏ 5 ஓடுவது அதில்தான். அந்த வகை ஆட்டங்களில் என்விடியா டிரைவர் தன் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இந்தக் காலத்து ஏஎம்டி கார்டுகளில் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழும். புது சிபியுவில் இது உறைக்காது, பழைய சிபியுவில் உறைக்கும். ரெட் டெட் மாதிரி வல்கன் என்ற புதிய முறையில் ஓடுவதில் இந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அவனுடையது 400 வாட், 6 பின் இணைப்பு ஒன்றே ஒன்று. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் 75 வாட் தரும், மொத்தம் 150. 1060-இன் தேவை 120, உள்ளே அடங்குகிறது. 580-இன் தேவை 185, அதற்கு 8 பின் வேண்டும். "நூறு ரூபாய்க்கு கன்வர்ட்டர் கிடைக்குதேண்ணா" என்றான். கிடைக்கும். 75 வாட்டுக்குப் போட்ட வழியில் 110 வாட் இழுத்தால் ஒயர் சூடாகி உருகலாம். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

சுவரில் பிளக் மீட்டர் வைத்தும் பார்த்தேன். கார்டின் மென்பொருள் 580-க்குச் சிப்பின் மின்சாரத்தை மட்டும்தான் காட்டும், முழுக் கார்டையும் காட்டாது. அதை நம்பி ஒப்பிடக் கூடாது. என் கணினி மொத்தமும் ரெட் டெட்டில் 1060-உடன் 205 வாட், 580-உடன் 280. பிறகு 580-இன் வோல்டேஜைக் குறைத்தேன். 1340 மெகாஹெர்ட்ஸை மாற்றாமல் 1,150 மில்லிவோல்ட்டிலிருந்து பத்துப் பத்தாக இறக்கினேன். 1,030 மில்லிவோல்ட்டில் திரை கறுத்து விழுந்தது, 1,060 மில்லிவோல்ட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. இப்போது சுவரில் 238 வாட், சூடு 68 டிகிரி, ஃபிரேம் ஒன்றுகூடக் குறையவில்லை. தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாத மின் கணக்கில் 1060-ஐ விட 13 யூனிட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தது 6 யூனிட்டுக்கு வந்துவிட்டது. 580 வாங்குகிற எல்லோரும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

கடைசியில் பிளெண்டர். இங்கே போட்டியே இல்லை. சைக்கிள்ஸ் என்ற அதன் ரெண்டர் (காட்சியை இறுதிப் படமாக்கும் வேலை) 1060-இல் என்விடியாவின் குடா வழியாக உடனே ஓடுகிறது. 580-ஐ அமைப்புப் பக்கத்தில் காட்டவே இல்லை. 2021 கடைசியில் வந்த பிளெண்டர் 3.0, ஏஎம்டி கார்டுகள் நம்பியிருந்த ஓப்பன்சிஎல் வழியைக் கைவிட்டது, அதற்குப் பதிலாக வந்த ஹிப் என்ற வழி இந்தத் தலைமுறையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

டிரைவர் விஷயத்தில் இரண்டுக்கும் வயதாகிவிட்டது. 1060-க்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை. 580-க்கு 2023 இறுதியிலிருந்தே அவசியத் திருத்தங்கள்தான். லினக்ஸில் கதை வேறு, 580-இன் திறந்தமூல டிரைவரில் இன்றும் வேலை நடக்கிறது. ரே டிரேசிங்கை (ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரைவதை) கட்டாயமாக்கிய ஆட்டங்கள், இண்டியானா ஜோன்ஸ், டூம் தி டார்க் ஏஜஸ் போன்றவை, இரண்டிலும் முறைப்படி ஓடாது. அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

1060 தம்பிக்குப் போயிற்று. வேகத்தில் அது இரண்டாவது, விலையில் அறுநூறு ரூபாய் அதிகம், ஆனாலும் அவன் பெட்டிக்கும் அவன் படிப்புக்கும் அதுதான். புது எஸ்எம்பிஎஸ் விலையைச் சேர்த்தால் 580 அவனுக்கு மலிவே இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஆறு கோர் சிபியுவும் ஏற்கெனவே இருப்பவர் என்னைக் கேட்டால், பயாஸையும் பேஸ்ட்டையும் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால், யோசிக்காமல் 580 என்பேன்.

நேற்று ராத்திரி அவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பிளெண்டரில் செய்த பித்தளைக் குத்துவிளக்கு, சுடரின் நிழல் சுவரில் விழுந்திருந்தது. "சிபியுல நாப்பது நிமிஷம் எடுத்துச்சுண்ணா, இப்ப ஆறு" என்று கீழே எழுதியிருந்தான். 580-க்கு ஒரு மில்லிமீட்டர் பேடு ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் எட்டுச் சில்லுக்கும் மாற்றிவிட்டு லினக்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.