குளக்கரைத் தட்டான் கணக்கு: பதினோராம் மாதக் குறிப்பு

மாதவரத்தை ஒட்டிய ஒரு குளக்கரையில், சென்ற பிப்ரவரி முதல் ஞாயிறுதோறும் நூறு தப்படி தூரம் மெதுவாக நடந்து, கண்ணில் படும் தட்டான்களை எண்ணிக் குறித்து வருகிறேன். (சங்கப் பாடல்களில் தும்பி என்பது வண்டையும் குறிக்கும், அந்தக் குழப்பம் வேண்டாம் என்று, சிறு வயது முதல் சொல்லிப் பழகிய தட்டான் என்ற சொல்லையே எழுதுகிறேன்.) காலை ஒன்பது மணிக்கு முன் போய்ப் பெரிய பயனில்லை, வெயில் ஏறி உடல் சூடான பிறகுதான் அவை நன்றாகப் பறக்கத் தொடங்கும்.

முதல் மூன்று மாதக் கணக்கில் பாதி தவறு. குரோகோதெமிஸ் செர்விலியா என்ற தட்டான் இனத்தின் முதிர்ந்த ஆண் மிளகாய்ப் பழம் போல் முழுச் சிவப்பு. பெண்ணும் இளம் ஆணும் வெளிர் மஞ்சள். இது தெரியாமல் இரண்டு இனங்களாக எழுதி வைத்திருந்தேன்.

ஜூலையில் கரையில் வேலை தொடங்கியது. கோரையை வேரோடு வாரி எடுத்து, சரிவில் கருங்கல் பதித்து, மேலே நடைபாதை போட்டார்கள். சேற்றில் கால் வைக்காமல் நடக்க முடிந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். செப்டம்பரில் எண்ணிக்கை முப்பது, நாற்பதிலிருந்து நூற்றைத் தாண்டியபோது, குளம் பிழைத்துக்கொண்டது என்றுகூட எழுதிவிட்டேன். பிறகு இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தால், பத்தில் எட்டு ஒரே இனம்: இறக்கையில் தேன்நிறத் திட்டுள்ள பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. 1793-இல் வைத்த அந்தப் பெயரில் கறைபட்டது என்று பொருள்படும் இலத்தீன் சொல் இருக்கிறது. கழிவுநீர் கலந்த குட்டைகளிலும் இது தாராளமாகப் பெருகும். கரையை அழகாக்கியவர்கள் சாக்கடைக் குழாயைத் தொடவில்லை என்பதைத்தான் அந்த நூறு தட்டான்களும் சொல்லிக்கொண்டிருந்தன.

காணாமல் போனவை ஊசித்தட்டான்கள். அமரும்போது இறக்கையை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் இந்த மெல்லிய இனங்கள், நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டையிடுபவை; தண்டு இல்லையென்றால் முட்டைக்கு இடமில்லை. கன்டாமினேட்டாவுக்கு இந்தக் கவலை கிடையாது. அது தண்டைக் கீறி முட்டையிடுவதில்லை.

ஆகவே இப்போது பறப்பவற்றை விடக் கூட்டுத்தோல்களையே அதிகம் தேடுகிறேன். நீருக்குள் வளர்ந்த புழு தண்டைப் பற்றி மேலேறித் தோலுரித்துத் தட்டானாகப் போனபின், அந்தக் காலித்தோல் அங்கேயே ஒட்டியிருக்கும். முதுகில் ஒரு பிளவு. பிளவிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் வெள்ளை இழைகள், புழுவின் மூச்சுக்குழாய்களின் உட்தோல். பறக்கும் தட்டான் எங்கிருந்தும் வந்திருக்கலாம், தோல் பொய் சொல்லாது. ஜூனில் ஒரே காலையில் 23 தோல்கள் கிடைத்தன. நவம்பரில் கருங்கல் இடுக்குகளில் நான்கு.

ஐப்பசியில் எண்ணூருக்கு இருமுறை போனேன். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தின் மேல் பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்ற தட்டான் கூட்டம் எண்ண முடியாத அளவில் பறந்தது. இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் கடக்கின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார். பார்க்கப் பரவசம்தான், ஆனால் மழைநீர்க் குட்டையில் இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து கிளம்பிவிடும் வழிப்போக்கர்களை ஆற்றின் நலத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். நோட்டில் ‘மொத்தம்’ என்ற கட்டத்தையும் அடித்துவிட்டேன்.

குளத்தின் வடமூலையில் இருபதடி நீளத்துக்குக் கோரை இன்னும் நிற்கிறது. போன ஞாயிறு அங்கே, மஞ்சள் உடல் கொண்ட செரியாக்ரியன் ஊசித்தட்டான் இணை ஒன்று தண்டைப் பற்றி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கல் பதிக்கும் மேஸ்திரியிடம் அந்த மூலையை விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். “புதர் இருந்தா கொசு வரும் சார்” என்றார். தட்டான் புழுக்கள் கொசுப்புழுவைத் தின்பவை என்று சொல்லி, கையிலிருந்த கூட்டுத்தோலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கல்லு வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் பாருங்க” என்று சொன்னார்.