அத்தியும் இலவமும்: மூன்று ஆண்டு வளர்த்துப் பார்த்த குறிப்பு

ஒரே நாளில் இரண்டையும் தொடங்கினேன். அத்தியில் ஐந்து குச்சிகள், இலவத்தில் பன்னிரண்டு விதைகள். வீட்டை ஒட்டிய சிறிய இடத்துக்கு எது பொருந்தும் என்று படித்துத் தெரிந்துகொள்வதைவிட வளர்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசைதான் காரணம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நான் வைத்தது சீமை அத்தி, அதாவது ஃபைகஸ் காரிகா. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு இனம். இலவத்திலும் இதே தொல்லை உண்டு. பெரிய சிவப்புப் பூ பூப்பது முள்ளிலவு. என்னிடம் இருப்பது வெளிறிய பூவுடைய பஞ்சு இலவம், செய்பா பென்டான்ட்ரா.

முதல் இரண்டு மாதங்கள்

இலவம் விதைகளை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விரல்நுனி ஆழத்தில் ஊன்றினேன். எட்டாம் நாள் முதல் முளை தெரிந்தது. பன்னிரண்டில் ஒன்பது வந்தன. தண்ணீர் தேங்கிய ஒரு பையில் மட்டும் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது.

அத்தியில்தான் பாடம் கிடைத்தது. பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சிகள். தினமும் நீர் ஊற்றினேன், இரண்டு அழுகின. மற்ற மூன்றும் துளிர்த்தன. துளிர்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பி ஒன்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். நூல்போல இருந்த ஒரே வேரும் அறுந்தது. தண்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே குச்சி இலைவிடும். இலையைப் பார்த்து வேரைக் கணிக்கக் கூடாது. அடுத்த முறை ஒளி ஊடுருவும் கோப்பைகளில் மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து, ஈரம் கையில் ஒட்டாத அளவுக்கு மட்டும் வைத்தேன். வேர் கோப்பையின் சுவரில் வெள்ளையாகத் தெரியும்வரை தொடவே இல்லை. ஆறில் ஐந்து பிழைத்தன.

ஓராண்டு முடிவில்

நல்ல நாற்றாக இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இலவங்களைப் பிறருக்குக் கொடுத்தேன். வைத்துக்கொண்ட இரண்டும் என் தோளைத் தாண்டிவிட்டன. பச்சைத் தண்டில் கூம்பு கூம்பாக முட்கள், உச்சியில் கைவிரல்களை விரித்தாற்போல் கூட்டிலைகள். அத்தி இடுப்பளவுதான்.

மழையற்ற மாதங்கள் வந்ததும் இரண்டு இலவங்களும் இலைகளை மொத்தமாக உதிர்த்தன. செத்துவிட்டதோ என்று பயந்து நீரைக் கூட்டினேன். நகத்தால் பட்டையைக் கீறிய பிறகே உள்ளே பச்சை இருப்பது தெரிந்தது. வறட்சியில் இலையுதிர்ப்பது இந்த மரத்தின் இயல்பு. இலையில்லாத மரத்துக்கு ஊற்றும் நீர் வேரை அழுகவைக்கத்தான் உதவும். உடனே குறைத்தேன், ஏழு வாரத்தில் துளிர் வந்தது. அதே வறட்சி அத்திக்கு ஆகவில்லை. தொட்டி ஒரு நாள் காய்ந்தாலே இலை தொங்கியது. மேல்மண்ணில் காய்ந்த இலைகளால் நான்கு விரற்கடை மூடாக்குப் போட்ட பிறகுதான் சமாளித்தது.

இரண்டாம் ஆண்டு: அத்தி காய்த்தது

இலைக்காம்பின் இடுக்கில் பட்டாணி அளவில் பச்சைக் காய்கள். ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். ஒரு பிஞ்சை நெடுக்காக வெட்டிப் பார்த்தவர் அந்தத் தொடரை வேறுவிதமாகவே கேட்பார். நாம் காய் என்று நினைப்பதன் உட்சுவர் முழுக்கப் பூக்கள்தான். சில அத்தி வகைகள் கனிய, நுனித் துளை வழியே நுழையும் சிறு குளவி தேவை. வீட்டில் வளர்க்கும் பெரும்பாலான வகைகள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே கனியும், என்னுடையதும் அப்படித்தான்.

முதல் நான்கு பழங்களை அவசரத்தில் பறித்து வீணாக்கினேன். வாழையைப்போல் அத்தி பறித்த பின் பழுப்பதில்லை. வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும் காய் கடைசி சில நாளில் திடீரென்று பருத்து, கழுத்து தளர்ந்து, தலை கவிழும். அந்தக் கவிழ்தல்தான் அடையாளம். அதற்குள் பறவைகளும் எறும்புகளும் முந்திக்கொள்ளும் என்பதால் பருக்கத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பை கட்டுகிறேன்.

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அத்திப்பால் பட்ட தோலில் வெயில் படக் கூடாது. நண்பகலில் கையுறையில்லாமல் கவாத்து செய்தேன், அதாவது கிளைகளை வெட்டினேன். மறுநாள் மணிக்கட்டில் எரிச்சல், அதற்கடுத்த நாள் கொப்புளம், அப்புறம் பல வாரம் மறையாத பழுப்புத் தழும்பு. இப்போது மாலையில்தான் வெட்டுகிறேன், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு.

மழையில் துரு நோயும் வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பழுப்பில் பொடி, பிறகு இலையுதிர்வு. விழுந்த இலைகளை அன்றன்றே அகற்றினேன், நடுக்கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுத்தேன், இலை நனையாமல் அடியில் மட்டும் நீர் விட்டேன். அடுத்த மழையில் நோய் வந்தாலும் பாதி இலைகள் நின்றன.

இலவத்தை இடம் மாற்றியது

இரண்டாம் ஆண்டின் பாதியில் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தபோது வேர் பாம்பாகச் சுருண்டிருந்தது. முதிர்ந்த இலவம் 60 மீட்டரையும் தாண்டக்கூடியது. அடியில் சுவர்போல் பலகை வேர்கள் புடைக்கும். கிளைகள் காற்றில் எளிதில் முறியும். சுவரிலிருந்து சில அடி தூரத்தில் இதை நட எனக்கு மனம் வரவில்லை. நண்பரின் திறந்த நிலத்தில், மழை தொடங்கியதும், சுருண்ட வேரை நறுக்கிவிட்டு இரண்டையும் நட்டோம். ஒன்று போய்விட்டது. மற்றது இப்போது ஐந்து மீட்டர். முதல் ஆறு மாதம் முட்டுக்கொடுத்து நீர் ஊற்றியதோடு சரி, அதன் பிறகு எந்தப் பராமரிப்பும் கேட்கவில்லை.

பஞ்சு

என் மரம் இன்னும் காய்க்கவில்லை. அதனால் விதை தந்த தாய்மரத்தின் கீழிருந்து ஒரு சாக்கு நெற்று பொறுக்கி வந்தேன். பருத்தியில் இழை விதையோடு ஒட்டியிருக்கும். இலவத்தில் இழை நெற்றின் உட்சுவரிலிருந்து வளர்வதால் விதை தனியே கிடக்கும். உயரமான கூடையில் போட்டுக் கவைக்குச்சியால் கடைந்தால் விதை அடியில் தங்கிவிடும். காற்றில்லாத அறையும் முகக்கவசமும் கட்டாயம். இழைத்தூசி தொண்டையில் ஏறினால் இரவெல்லாம் இருமல். பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது, நொடியில் பற்றிக்கொள்ளும்.

ஒரு கைப்பிடிப் பஞ்சை இரவு முழுக்க நீரில் விட்டேன். காலையிலும் மிதந்தது. உள்ளே காற்று நிறைந்த குழல், மேலே மெழுகுப் பூச்சு. ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்தது இதற்காகத்தான். அந்த வழவழப்பால்தான் நூலாகத் திரிக்க முயன்றபோது இழை பிடிகொடுக்கவில்லை. சாக்கு முழுவதும் ஒரு தலையணைக்குச் சரியாக இருந்தது. பதினோரு மாதமாகத் தலைவைத்துப் படுக்கிறேன். வாரம் ஒருமுறை வெயிலில் போட்டால் மறுபடி உப்பிவிடுகிறது. இலவு காத்த கிளி பழத்துக்காகக் காத்து ஏமாந்தது. பஞ்சுக்காகக் காத்திருந்தால் அதன் கதையே வேறு.

சிறிய இடம் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் அத்தி என்பேன்: தொட்டியில் வளரும், கவாத்துக்கு அடங்கும், இரண்டாம் ஆண்டிலேயே பழம் தரும். இலவத்தைத் திறந்த நிலம் உள்ளவருக்கு மட்டுமே சொல்வேன், ஆனால் அவருக்குக் கட்டாயம் சொல்வேன்.

இப்போதைய நிலை: அத்தியில் பதினான்கு காய்கள், ஏழு பைகள் கட்டியாயிற்று. கவாத்தில் வெட்டிய குச்சிகளில் நான்கு வேர்விட்டுக் கோப்பைகளில் நிற்கின்றன. இலவம் முதல் பூ விடும்போது இரவில் போய் உட்காரப் போகிறேன். அதன் பூக்கள் இருட்டிய பின் விரியும். வௌவால்கள் தேன் குடிக்க வரும்.