போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த மாருதி

அப்பா ஓட்டிய 1998 மாருதி 800. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்தால் போதும், டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கிவிடும். போன மாதம் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது சிவப்பையே தொட்டது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள் இழுக்க ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, வியர்த்து வழிந்தபடி ஓரங்கட்டினேன்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றினேன். (சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.) உள்ளே கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர். வருடக்கணக்காக எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறோம். குடத்தில் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படியாமல் இருக்குமா?

மேல் ஹோஸைக் கழற்றினால், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையே காணோம். பழைய மெக்கானிக்கிடம் கேட்டேன். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குண்ணே, அப்பவே கழட்டிப் போட்டுட்டேன்" என்றார். காலையில் எஞ்சின் சூடேற அவ்வளவு நேரம் எடுத்ததும், பெட்ரோல் குடித்ததும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ரேடியேட்டரின் அடி பிளக்கைத் திறந்து வடித்தேன். ஹீட்டரை ஹாட்டில் வைத்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தேன். நான்காவது முறைதான் தெளிந்தது. கடைசி இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டர். இல்லாவிட்டால் அதே உப்பைத்தானே உள்ளே விட்டுவைப்பேன்!

நான் ஏமாற இருந்தது இங்கேதான். கொள்ளளவு மூன்றரை லிட்டர் சொச்சம். வடிந்தது இரண்டு லிட்டர். மீதி எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினால் அது இன்னும் நீர்த்துப்போகும். அதனால் கலக்காத கூலன்ட்டை ஒன்றே முக்கால் லிட்டர் முதலில் ஊற்றி, மிச்ச இடத்துக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டேன்.

புது தெர்மோஸ்டாட், புது மூடி. பழைய மூடியின் ரப்பர் அப்பளமாக நொறுங்கியது. அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.

மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸ் சட்டென்று சுட்டது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. குபுக் குபுக்கென்று காற்று வெளியேற, அளவு இறங்கியது. நிரப்பி மூடினேன்.

மறுநாள் வண்டிக்கு அடியில் பச்சைச் சொட்டு. பிளக்கில் பழைய வாஷரையே போட்டிருந்தேன். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாய் நக்குவதற்குள் கழுவித் தள்ளி, சுத்தமான பேசினில் வடித்து, வாஷர் மாற்றி, அதையே திரும்ப ஊற்றினேன்.

நேற்று கோரிப்பாளையத்தில் மூன்று சிக்னல் காத்திருந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஏசி போட்டுப் பார்க்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.