சுவர் இல்லாத வீடு

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மார்க்கெட் தெருவிலிருந்து ஒரு வளைவு வாசலுக்குள் நுழைந்தால் பிராங்க்ளின் முற்றம்; அந்த நாட்டை உருவாக்கிய தலைவர்களில் ஒருவர் வாழ்ந்த இடம். "பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டைப் பார்க்கப் போகிறோம்" என்று எட்டு வயது மகளிடம் ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தேன். உள்ளே போனவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வீடு எங்கே அப்பா?" என்றாள்.

நியாயமான கேள்வி. வீட்டை 1812-இல் இடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட மிஞ்சவில்லை. தெரியாததைக் கட்ட வேண்டாம் என்று 1976-இல் வெள்ளை எஃகுச் சட்டங்களால் வீட்டின் உருவக்கோட்டை மட்டும் நிறுத்தினார்கள். சுவர் இல்லை, ஓடு இல்லை; கூரைக்குப் பதில் வானம். தரையில் வைத்திருக்கும் திறப்புகள் வழியே எட்டிப் பார்த்தால் பழைய அஸ்திவாரமும் கழிப்பறைக் குழியும் தெரிகின்றன. கழிப்பறைக் குழிதான் அவளை மிகவும் கவர்ந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து கதையைத் தொடங்கினேன். 1706-இல் பாஸ்டனில் பிறந்தவர். தந்தை மெழுகுவத்தியும் சோப்பும் செய்பவர்; அவருக்கு 17 பிள்ளைகள், இவர் 15-ஆவது. பள்ளிக்கூடம் இரண்டே ஆண்டுதான். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். தம்பி எழுதினால் அண்ணன் தன் பத்திரிகையில் போட மாட்டார் அல்லவா? அதனால் 16 வயதில் ஒரு விதவையின் பெயரில் எழுதி, இரவில் அச்சகக் கதவுக்கு அடியில் செருகி வைத்தார். அண்ணன் யாரென்று தெரியாமலே அச்சிட்டார். இப்படி 14 கடிதங்கள்! மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

அண்ணனின் அடி பொறுக்காமல் 1723-இல் ஓடி வந்து சேர்ந்த ஊர் இது. மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டார். பெரிதாக மூன்று கிடைத்தன. அக்குளுக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்தபடி, சற்று முன் நாங்கள் நடந்து வந்த இதே மார்க்கெட் தெருவில்தான் போனார். வாசலில் நின்று அந்தக் கோலத்தைப் பார்த்த டெபோரா என்ற பெண் பின்னாளில் அவருடைய மனைவியானார்.

"மீதி இரண்டு ரொட்டி?"

படகில் உடன் வந்த ஒரு தாய்க்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டார். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த கதையைவிட எனக்குப் பிடித்தது இதுதான். பட்டத்தை அவள் ஏற்கெனவே பள்ளியில் கேட்டிருந்தாள். அவர் தொடங்கிய நூலகம், தீயணைப்புப் படை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டினேன்.

சுதந்திர மண்டபத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் எடுத்திருந்தோம். அங்கேதான் 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் பிராங்க்ளின் கையெழுத்திட்டார்; அப்போது அவருக்கு 70 வயது. 1787-இல் அரசியல் சட்டம் இயற்றியபோது 81. வாஷிங்டன் அமர்ந்த நாற்காலியின் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. அது உதிக்கிறதா மறைகிறதா என்று மாதக்கணக்கில் யோசித்த கிழவர், கடைசி நாளன்று உதயசூரியன்தான் என்று சொன்னாராம். மகள் கயிற்றுத் தடுப்பில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிகிறது" என்றாள்.

குழந்தைகளுக்கான வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு மனம் வரவில்லை. பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் அவருடைய பத்திரிகையில் வந்தன. முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். "முதலிலேயே ஏன் செய்யவில்லை?" என்று கேட்டாள். அடுத்த தெரு வரும்வரை என்னிடம் பதில் இல்லை. வந்த பிறகும் இல்லை.

கல்லறை ஆர்ச் தெருவும் ஐந்தாம் தெருவும் சந்திக்கும் மூலையில். கணவன் மனைவி இருவர் பெயரும் ஆண்டும் மட்டும் பொறித்த எளிய பளிங்குப் பலகை. அதன்மேல் பென்னிக் காசு வீசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. சிக்கனம் பேசிய மனிதருக்கு இது என்ன மரியாதையோ! காசு விழுந்து விழுந்து பளிங்கே வடுப்பட்டிருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு சிறிய கல். அவர்களுடைய மகன் பிரான்சிஸ், 1736-இல் நான்கு வயதில் அம்மை கண்டு இறந்தவன். அம்மை குத்தாமல் விட்டுவிட்டேனே என்ற துயரம் தந்தையை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

மகள் கையை நீட்டினாள். ஒரு பென்னி கொடுத்தேன். பெரிய பலகையைத் தாண்டிப் போய், சிறிய கல்லின்மேல் படாமல் அதன் அடியில் புல்லில் வைத்தாள்.