செத்த வீட்டில் சிறப்பித்தவர்கள்

நெல்லையில் ஒரு நாளிதழில் சேர்ந்த புதிது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் இறுதிச்சடங்குச் செய்தியை அவசரமாகத் தட்டினேன். முந்தின நாள் எழுதிய கோயில் கொடை விழாச் செய்தியிலேயே பெயர்களை மாற்றியதில், கடைசி வரி அப்படியே தங்கிவிட்டது: ‘ஊர் மக்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தனர்.’

காலையில் முதல் போனே அந்த வீட்டிலிருந்துதான். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்த அண்ணாச்சி சத்தம் போடவில்லை. “ஏல, செத்த வீட்டுக்கு வந்தவங்க எதைச் சிறப்பிச்சாங்க?” என்று மட்டும் கேட்டார். அனுப்புவதற்கு முன் மூன்று தடவை படித்திருந்தேன் என்பதுதான் எனக்கு உறுத்தல். கைக்குப் பழகிய வரியைக் கண் படிப்பதே இல்லை, தாண்டிப் போய்விடுகிறது.

அன்றிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வெட்கத்தில் மாடிப்படிக்குப் போய்விடுவேன். ‘ஆட்சியர் பணிகளை நேரில் பார்வையிட்டு ஆய்வு மேற்கொண்டார்’ என்று வாயால் சொன்னால் மூச்சு வாங்கும். ‘பணிகளைப் பார்வையிட்டார்’ போதுமே! பத்திக்குப் பத்தி ‘மேலும்’ போடுகிறேன் என்பதும் காதில் விழுந்துதான் தெரிந்தது. இப்போது எழுதி முடித்ததும் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துவிடுவேன். எடுத்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் குறைவதில்லை.

சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் ஒற்றும் அப்படித்தான், காதில்தான் பிடிபடும். ‘வேலை கொடு’ என்று மறியல் செய்தவர்களை ஒருமுறை ‘வேலைக் கொடு’ என்று முழங்க வைத்தேன். முருகனின் வேலைக் கேட்கிறார்களா என்றார் அண்ணாச்சி.

எண்கள் வேறு கதை. மணிமுத்தாறு அணையின் மொத்த உயரமே 118 அடி. நான் நீர்மட்டம் 131 அடி என்று எழுதிவிட்டு, கணீரென்று வாசித்தும் காட்டினேன். பக்கத்து வரியில் இருந்த பாபநாசம் அணையின் எண் அது. பாபநாசத்துக்கு 143 அடி வரை இடமுண்டு. அதனால் எண்களையும் பெயர்களையும் மட்டும் தனியாக ஒரு சுற்று, கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறேன். கதை ஓடாததால் கண் நின்று பார்க்கிறது.

எழுதியதை ஒரு ராத்திரி ஆறப்போடச் சொல்வார்கள். பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது எதை ஆறப்போட? கீழே போய் ஒரு டீ குடிக்கிறேன். திரும்பி வந்ததும் அநேகமாக முதல் பத்தியைத்தான் வெட்டுகிறேன்.