வெப்பத் தீவில் விழும் பனி

2019 பிப்ரவரியில், ஹவாயின் மாவி தீவிலுள்ள போலிபோலி மாநிலப் பூங்காவில் பனி பொழிந்தது. அந்தப் பூங்கா ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடத் தாழ்வான இடம். அங்கே மரங்களுக்கிடையே தரை வெளுத்துக் கிடந்த படங்களை வெளியிட்ட மாநில நிலவளத் துறை, ஹவாயில் இவ்வளவு தாழ்வான இடத்தில் பனி பதிவாவது இதுவே முதல்முறையாக இருக்கலாம் என்று குறிப்பிட்டது. ஊட்டியில் ஜனவரி மாதப் புல்வெளியை வெளுக்க வைப்பது தரையில் படியும் உறைபனிதான். போலிபோலியிலோ வானத்திலிருந்தே பனி விழுந்தது.

சிகரங்களின் கதை வேறு. ஹவாய்த் தீவுகளிலேயே பெரியதான, 'பெரிய தீவு' என்றே அழைக்கப்படும் தீவில் 4,207 மீட்டர் உயர்ந்து நிற்கும் மௌனா கேயாவிலும், அதைவிடச் சற்றே தாழ்ந்த மௌனா லோவாவிலும் பெரும்பாலான குளிர்காலங்களில் பனியைப் பார்க்கலாம். அந்த உயரத்துக்குக் குளிர் புதிதன்று; அங்கே அரிதாகக் கிடைப்பது ஈரம். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்தாலும், ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலே ஒரு வெப்பக் காற்றடுக்கு மூடிபோல நின்று மேகங்களை அதற்குக் கீழேயே தடுத்துவிடுகிறது. சிகரத்தின் வானம் ஆண்டின் பெரும்பகுதி தெளிவாக இருப்பதும், உலகின் முன்னணித் தொலைநோக்கிகள் பல அங்கே நிறுவப்பட்டிருப்பதும் இதனால்தான். குளிர்காலத்தில் 'கோனா லோ' என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது காற்று திசை மாறுகிறது, மூடி குலைகிறது, ஈரம் சிகரம்வரை ஏறிப் பனியாகக் கொட்டுகிறது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் ஹவாயின் சிகரங்களுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, ராக்கி மலையடிவாரத்து டென்வர் நகரம் அந்தப் பருவத்தின் முதல் பனியையே இன்னும் பார்த்திருக்கவில்லை.

நாங்கள் குடும்பத்தோடு அந்தப் பெரிய தீவின் கடலோர ஊரான ஹீலோவில் தங்கியிருந்தபோது இப்படியொரு தாழ்வு வந்தது. ஊருக்குள் விடாத மழை. மௌனா கேயா எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. வானம் வெளுத்த காலையில், தென்னை மரங்களுக்குப் பின்னால் மலையின் மேல் பகுதி முழுவதும் வெண்மையாக எழுந்து நின்றதைக் கண்டு, என் மகள் அதை மேகம் என்றே சாதித்தாள். 2,800 மீட்டர் உயரத்திலுள்ள பார்வையாளர் நிலையத்துக்கு மேலே சாலையை மூடியிருந்தார்கள். திறந்த பிறகும் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால், மேலே போய்த் திரும்பிய உள்ளூர்க்காரர்களின் பிக்கப் வண்டிகளைத்தான் எங்களால் நெருங்கிப் பார்க்க முடிந்தது. பின்தட்டு நிறையப் பனியை அள்ளிப் போட்டு, அது உருகிச் சொட்டச் சொட்டக் கடற்கரைக்கு ஓட்டி வந்து, மணலில் குழந்தைகளோடு பனிமனிதன் செய்வது அங்கே வழக்கம். ஒரு பெரியவர் என் மகளின் கையிலும் ஒரு பிடி வைத்தார். தூள்போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அது கரகரவென்று சர்க்கரைக் கட்டியாக இறுகியிருந்தது.

ஹவாயின் பூர்வகுடியினருக்கு மௌனா கேயா புனித மலை. அதன் பனியைப் போலியாஹு என்னும் தெய்வத்தின் ஆடையாகப் போற்றுகிறார்கள். அந்தப் பனியை நம்பி ஓர் உயிரும் அங்கே இருக்கிறது. எரிமலைச் சாம்பல் குன்றுகளின் கற்களுக்கிடையே வாழும் அரிசி அளவேயான வேகியூ பூச்சிக்கு, உண்பதற்கு அங்கே செடி கொடி எதுவும் இல்லை. அடிவாரத்திலிருந்து காற்று தூக்கி வரும் பூச்சிகள் குளிரில் விறைத்துப் பனித்திட்டுகளின் ஓரங்களில் விழ, அவற்றை உறிஞ்சியே அது பிழைக்கிறது. உறைந்துபோகாமலிருக்க அதன் இரத்தத்திலேயே இயற்கையான காப்பு உண்டு. இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஆகவே, பனி விழுந்த செய்தி கேட்டுச் சறுக்குப் பலகையோடு மேலே போகிறவர்கள் சாலையை விட்டு விலகிச் சாம்பல் குன்றுகளின் சரிவில் இறங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். காலடியில் அந்தக் கற்கள் நொறுங்கித் தூளானால், அவற்றின் இடுக்குகளில் அந்தப் பூச்சி ஒண்டுவதற்கு இடமே இருக்காது.