ஊதினதில் 31 வந்தால் இழப்பீடு போச்சா?

வேலையில் இருக்கும்போது லாரி டிரைவருக்கு அடிபடுகிறது. ஊதச் சொன்னதில் மது அளவு கூடுதலாகக் காட்டிவிட்டது. "குடிச்சிட்டுதானே இருந்தே, ஒரு பைசா கிடையாது" என்ற பேச்சு முதலாளி பக்கத்திலிருந்து அன்றைக்கே வந்துவிடும். அதை நம்பி மனுவே போடாமல் விட்டவர்கள் நிறையப் பேர். போலீஸ் வழக்கும் இழப்பீட்டு மனுவும் அந்த ஒரே எண்ணை இரண்டு வேறு கேள்விகளோடு பார்க்கின்றன என்பதுதான் அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-க்கு எண்தான் குற்றம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் போதும்; "நிதானமாத்தான் ஓட்டினேன்" என்பது எடுபடாது. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், 2 ஆண்டு. ரோட்டிலேயே கட்டி முடித்துக்கொள்கிற அபராதம் அல்ல இது, கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும்.

அதனால் அந்த எண் எப்படி வந்தது என்பதைத்தான் கிளற வேண்டும். குடித்த கையோடோ, ஏப்பம் வந்த உடனேயோ, வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டதுமோ ஊதினால், வாயில் தங்கிய ஆல்கஹாலைக் கருவி ரத்தத்தில் உள்ளதாகக் கணக்குப் போடும். 15 நிமிடம் பொறுத்து ஊத வைப்பது இதற்காகத்தான். ரசீதில் நேரம், கருவியின் எண், கடைசியாக அளவு சரிபார்த்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது பிரிவு 202. ஊத மாட்டேன் என்று மறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. தகுந்த காரணமில்லாத மறுப்பே பிரிவு 205-ன்படி எதிரான சாட்சியமாகலாம்.

ரத்தம் எடுக்கிற இடத்தில்தான் கோளாறு அதிகம். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில் எடுக்காவிட்டால், வைத்த இடத்திலேயே நுண்ணுயிர்கள் ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம். ஆஸ்பத்திரி லேபில் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பார்த்த அளவு, முழு ரத்தத்தில் பார்ப்பதைவிடக் கூடுதலாகவே வரும். இன்னொன்று: உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் 60 இருக்கும். தூங்கி எழுந்து குளித்துவிட்டு வண்டி எடுத்தவர்கள் மாட்டுவது இந்தக் கணக்கில்தான்.

இழப்பீட்டுப் பக்கம் வருவோம். 1923-ம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், பிரிவு 3. (2025 நவம்பர் 21 முதல் நடந்த விபத்து என்றால் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020.) இங்கே குடித்திருந்தது மட்டும் போதாது, விபத்துக்கு அந்தப் போதைதான் நேரடிக் காரணம் என்று முதலாளி காட்ட வேண்டும். தார்ப்பாய் கட்டும்போது நைந்த கயிறு அறுந்து டிரைவர் கீழே விழுந்தார் என்று வையுங்கள். அவர் ரத்தத்தில் 40 இருந்தாலும் அறுந்தது கயிறுதான். அந்தக் கயிற்றை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், மறுநாள் புதுக் கயிறு வந்துவிடும்.

ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் 'வாயில் மது வாடை' என்று ஒரு வரி இருப்பதை வைத்துத்தான் பாதி எதிர்வாதம் ஓடும். வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு இவை மட்டும் குடித்ததை நிரூபிக்கப் போதாது என்று 1971-ல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் 185 வழக்கில் சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அந்தத் தீர்ப்பு நகல் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு கையில் இருக்கும். இரண்டையும் ஒரே வக்கீல் பார்ப்பது நல்லது.

பலரும் கவனிக்காத இடம் அடுத்தது. மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் குடி என்ற விதிவிலக்கே பொருந்தாது, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. முழு ஊனம் என்றால் இரண்டு கையும் போக வேண்டும் என்பதில்லை. விபத்தின்போது செய்ய முடிந்த வேலையை இனி செய்ய முடியாது என்பதே அளவுகோல். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு முழு ஊனம் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஏற்றது.

கணக்காகப் பாருங்கள். 1923 சட்டத்தில் 40 வயது, மாதம் 15,000 ரூபாய் (2020 ஜனவரி 3 முதல் அதுதான் கணக்குக்கான உச்சவரம்பு). அதில் 60 சதவீதம் 9,000; 40 வயதுக்கான காரணி 184.17, பெருக்கினால் முழு ஊனத்துக்கு 16,57,530 ரூபாய். ஊன சான்றிதழில் டாக்டர் 30 சதவீதம் என்று எழுதி, அதையே சம்பாதிக்கும் திறன் இழப்பாக எடுத்துக்கொண்டால் 4,97,259. அதோடு போதையே காரணம் என்றும் நிரூபணமானால் சைபர். கணுக்கால் மடங்காத டிரைவரால் பிரேக் மிதிக்க முடியாது. உடல் ஊனம் 30 என்றாலும், ஓட்டுநர் வேலைக்கான திறன் இழப்பு எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள்.

முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்பு சீக்கிரம் கொடுங்கள். பழைய சட்டத்தில் மனுவுக்குக் கெடு 2 ஆண்டு. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி உண்டு, நியாயமான காரணமில்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். இ.எஸ்.ஐ. இருக்கிறவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும். இல்லாதவர்கள் தொழிலாளர் துணை ஆணையரிடம் போகலாம், அல்லது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 167-ன்படி இரண்டில் ஒன்றுதான். தன் தவறால் வண்டியை மோதிய டிரைவர் தீர்ப்பாயத்தில் பிரிவு 166-ல் மனு போட்டால் யார் தவறு என்ற கேள்வியிலேயே விழுந்துவிடுவார். துணை ஆணையரிடம் அந்தக் கேள்வி எழுவதில்லை.